பழைய கார்களுக்கான உத்தரவாதமும் உற்பத்தியாளரின் நிதி நெருக்கடியும்

பழைய கார் உத்தரவாதம் என்பது, ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய மகிழுந்தை வாங்குபவருக்கு, குறிப்பிட்ட காலத்திற்குள் அல்லது குறிப்பிட்ட தூரத்திற்குள் ஏற்படும் பழுதுகளைச் செலவின்றிச் சரிசெய்து தருவதாக அளிக்கப்படும் எழுத்துப்பூர்வ உறுதியாகும். பேச்சுவழக்கில் இது வாரண்டி எனப்படுகிறது. பொதுவாக இந்த உறுதியை அளிப்பது காரைத் தயாரித்த நிறுவனமாகும். அந்த நிறுவனமே கடன் சுமையால் தள்ளாடும்போது அல்லது திவாலாகும்போது, உறுதியை யார் நிறைவேற்றுவது என்ற கேள்வி எழுகிறது.

இக்கேள்வி 2008–2009 நிதி நெருக்கடியின்போது அமெரிக்காவில் பெரிய அளவில் எழுந்தது. ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் ஆகிய இரு நிறுவனங்களும் அடுத்தடுத்துத் திவால் பாதுகாப்பு கோரின. அதன் பின்னர் சாப் (2011), ஃபிஸ்கர் (2024) ஆகிய நிறுவனங்களின் வீழ்ச்சிகள், எல்லாத் திவால்களும் ஒரே வகையில் முடிவதில்லை என்பதைக் காட்டின. சில நிகழ்வுகளில் கார் உரிமையாளர்களின் உத்தரவாதம் சேதமின்றித் தொடர்ந்தது. சிலவற்றில் ஒரே நாளில் அது வெறும் காகிதமானது.

உத்தரவாதத்தின் வகைகள்

பழைய கார் ஒன்றுக்கு ஒரே நேரத்தில் பல உத்தரவாதங்கள் இருக்கக்கூடும். அவற்றை அளிப்பவர் வெவ்வேறாக இருப்பதால், உற்பத்தியாளர் திவாலானாலும் எல்லாமே ஒருசேர மறைவதில்லை.

எஞ்சிய உற்பத்தியாளர் உத்தரவாதம்: கார் புதிதாக விற்கப்பட்டபோது அளிக்கப்பட்ட உத்தரவாதத்தில் மீதமுள்ள பகுதி. இதன் காலம் முதல் உரிமையாளரிடம் கார் ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது. இரண்டாம் உரிமையாளர் வாங்கிய நாளிலிருந்து அல்ல.

சான்றளிக்கப்பட்ட பழைய கார் உத்தரவாதம்: உற்பத்தியாளரின் விதிப்படி சோதிக்கப்பட்டு, அவரது அங்கீகாரம் பெற்ற டீலர் வழியே விற்கப்படும் பழைய கார்களுக்குக் கூடுதலாக வழங்கப்படுவது. இதற்கும் பின்னால் நிற்பது உற்பத்தியாளரே.

டீலர் உத்தரவாதம்: பழைய காரை விற்கும் கடைக்காரர் தம் பொறுப்பில் அளிப்பது. பெரும்பாலும் சில மாதங்களுக்கு மட்டுமே நீடிக்கும். உற்பத்தியாளரின் நிதிநிலையை இது சார்ந்திருப்பதில்லை.

சேவை ஒப்பந்தம்: "நீட்டிக்கப்பட்ட வாரண்டி" என்ற பெயரில் தனிக்கட்டணத்திற்கு விற்கப்படுவது. இதை உற்பத்தியாளரும் விற்கலாம், வெளி நிறுவனமும் விற்கலாம். அமெரிக்கச் சட்டத்தின்படி இது உத்தரவாதம் அல்ல, தனி ஒப்பந்தம்.

உட்பொதிந்த உத்தரவாதம்: எழுத்தில் எதுவும் தரப்படாவிட்டாலும், விற்கப்படும் பொருள் அதன் இயல்பான பயனுக்கு உகந்ததாக இருக்கவேண்டும் என்று சட்டமே விற்பவர் மீது சுமத்தும் பொறுப்பு.

அமெரிக்காவில் எழுத்துப்பூர்வ உத்தரவாதங்களை 1975-ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் உத்தரவாதச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. பழைய கார் விற்கும் டீலர்கள், காரின் கண்ணாடியில் "வாங்குவோர் வழிகாட்டி" என்ற அறிவிப்பை ஒட்டவேண்டும் என்ற கூட்டாட்சி விதி 1985 முதல் நடைமுறையில் உள்ளது. டீலர் உத்தரவாதம் தருகிறாரா, அல்லது "உள்ளது உள்ளபடி" விற்கிறாரா என்பதை அந்த அறிவிப்பு சொல்லவேண்டும். மாசசூசெட்ஸ், நியூயார்க் போன்ற மாநிலங்கள் குறிப்பிட்ட வயதுக்கும் தூரத்துக்கும் உட்பட்ட பழைய கார்களுக்கு டீலர் உத்தரவாதத்தைக் கட்டாயமாக்கியுள்ளன.

பணம் எங்கிருந்து வருகிறது

உத்தரவாதப் பழுதுபார்ப்பு வாடிக்கையாளருக்கு இலவசம். ஆனால் அது யாருக்கோ செலவுதான். உரிமையாளர் காரை அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் கொண்டுசெல்கிறார். டீலர் தம் தொழிலாளரைக் கொண்டு பழுதைச் சரிசெய்து, உதிரி பாகத்துக்கும் கூலிக்கும் உரிய தொகையை உற்பத்தியாளரிடம் கோருகிறார். உற்பத்தியாளர் அதைப் பிறகு திருப்பித் தருகிறார்.

இச்சங்கிலியில் முதலில் அறுந்துபோவது டீலரின் நம்பிக்கையாகும். உற்பத்தியாளர் பணம் தருவாரா என்ற ஐயம் வந்தவுடன், உத்தரவாத வேலைகளை ஏற்க டீலர் தயங்குகிறார். அடுத்து, உதிரி பாகங்களைத் தயாரித்துக் கொடுக்கும் நிறுவனங்கள் கடனுக்குச் சரக்கு அனுப்புவதை நிறுத்துகின்றன. இதனால் சட்டப்படி உத்தரவாதம் உயிருடன் இருக்கும்போதே நடைமுறையில் கார் பட்டறையில் காத்துக்கிடக்கும் நிலை ஏற்படலாம்.

எதிர்கால உத்தரவாதச் செலவுக்காக ஒவ்வொரு நிறுவனமும் தன் கணக்கேட்டில் ஒரு தொகையை ஒதுக்கிக் காட்டுகிறது. இது தனிக் கணக்கில் பூட்டி வைக்கப்பட்ட பணம் அல்ல. கொடுக்கவேண்டிய பொறுப்பின் மதிப்பீடு மட்டுமே. நிறுவனம் வீழும்போது அந்தத் தொகை ரொக்கமாகக் கையில் இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

திவால் சட்டத்தில் உரிமையாளரின் இடம்

அமெரிக்கத் திவால் சட்டத்தில் நிறுவனங்களுக்கு இரு முதன்மையான வழிகள் உள்ளன. அத்தியாயம் 11-இன் கீழ் நிறுவனம் தொடர்ந்து இயங்கிக்கொண்டே கடன்களை மறுசீரமைக்கிறது. அத்தியாயம் 7-இன் கீழ் நிறுவனம் மூடப்பட்டு, சொத்துகள் விற்கப்பட்டு, கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடப்படுகின்றன.

மறுசீரமைப்பில் உள்ள நிறுவனம் தன் வாடிக்கையாளர்களை இழக்க விரும்புவதில்லை. ஆகவே, வழக்குத் தொடங்கிய முதல் நாட்களிலேயே, உத்தரவாதங்களைத் தொடர்ந்து நிறைவேற்ற நீதிமன்றத்திடம் அனுமதி பெறுவது வழக்கம். கலைப்பில் அத்தகைய தேவை இல்லை. அங்கே உத்தரவாதம் வைத்திருப்பவர் பிணையற்ற கடன் கொடுத்தவர்களுள் ஒருவராகிறார். வங்கிகள் போன்ற பிணையுள்ளோருக்கும், சட்டம் முன்னுரிமை அளித்தோருக்கும் கொடுத்தது போக எஞ்சியதில்தான் இவருக்குப் பங்கு. பெரும்பாலும் அது மிகச் சிறு தொகையாகவோ, ஒன்றுமில்லாமலோ முடிகிறது.

மூன்றாவது வழியும் உண்டு. திவால் நீதிமன்றத்தின் ஒப்புதலோடு நல்ல சொத்துகள் மட்டும் புதிய நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்படலாம். அப்போது எந்தெந்தப் பொறுப்புகளைப் புதிய நிறுவனம் ஏற்கிறது என்பதை விற்பனை ஒப்பந்தமே முடிவு செய்கிறது. 2009-இல் நடந்தது இதுதான்.

2009: ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர்

2008 திசம்பரில் அமெரிக்க அரசு இரு நிறுவனங்களுக்கும் 1,740 கோடி டாலர் அவசரக் கடன் அறிவித்தது. ஆயினும், திவாலாகப்போகும் நிறுவனத்தின் காரை வாங்கினால் நாளை யார் பழுதுபார்ப்பார்கள் என்ற அச்சம் விற்பனையைப் பாதித்தது. விற்பனை குறைந்ததால் நிதிநிலை மோசமானது. நிதிநிலை மோசமானதால் அச்சம் கூடியது.

இச்சுழலை உடைக்க, 2009 மார்ச் 30 அன்று அதிபர் பராக் ஒபாமா உத்தரவாதப் பொறுப்புத் திட்டத்தை அறிவித்தார். மறுசீரமைப்புக் காலத்தில் இவ்விரு நிறுவனங்களிடமிருந்து வாங்கப்படும் புதிய கார்களின் உத்தரவாதத்துக்கு அரசு பின்னிற்கும் என்பது அதன் சாரம். எதிர்பார்க்கப்படும் உத்தரவாதச் செலவில் 110 விழுக்காட்டை அரசுக் கருவூலமும், 15 விழுக்காட்டை உற்பத்தியாளரும் தனிக் கணக்கில் செலுத்தவேண்டும். ஆக, மதிப்பிட்ட செலவுக்கு 125 விழுக்காடு பணம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டது. வழக்கமான கணக்கேட்டு ஒதுக்கீட்டில் இல்லாத ரொக்கப் பாதுகாப்பை இத்திட்டம் அளித்தது. கருவூலம் இதற்காக அளித்த சுமார் 64 கோடி டாலர், தேவைப்படாமல் அதே ஆண்டு சூலையில் திரும்பச் செலுத்தப்பட்டது.

இத்திட்டம் புதிய கார்களுக்கு மட்டுமே உரியது. அதற்கு முன்பே விற்கப்பட்டு, அப்போது பழைய கார் சந்தையில் இருந்த வண்டிகளுக்கு அரசின் உறுதி எதுவும் இல்லை. அவற்றின் கதி திவால் நீதிமன்றத்தின் கையில் இருந்தது.

கிரைஸ்லர் 2009 ஏப்ரல் 30 அன்றும், ஜெனரல் மோட்டார்ஸ் சூன் 1 அன்றும் அத்தியாயம் 11-இன் கீழ் மனுச் செய்தன. கிரைஸ்லரின் சொத்துகள் ஃபியட்டுடன் கூட்டுச் சேர்ந்த புதிய நிறுவனத்துக்கு சூன் 10 அன்றும், ஜெனரல் மோட்டார்ஸின் சொத்துகள் அரசின் பெரும்பங்கைக் கொண்ட புதிய நிறுவனத்துக்கு சூலை 10 அன்றும் கைமாறின. புதிய நிறுவனங்கள் முன்னர் அளிக்கப்பட்ட எழுத்துப்பூர்வ உத்தரவாதங்களை ஏற்றுக்கொண்டன. ஜெனரல் மோட்டார்ஸ் விற்பனை ஒப்பந்தம், புதிய கார்களோடு சான்றளிக்கப்பட்ட பழைய கார்களின் எழுத்துப்பூர்வ உத்தரவாதங்களையும் வெளிப்படையாகக் குறிப்பிட்டு ஏற்றது. ஆனால் உட்பொதிந்த உத்தரவாதங்களின் அடிப்படையிலான கோரிக்கைகள் பழைய நிறுவனத்திடமே விடப்பட்டன. எழுத்தில் இருந்தது பிழைத்தது. எழுத்தில் இல்லாதது பிழைக்கவில்லை.

டீலர்களின் எண்ணிக்கையும் குறைக்கப்பட்டது. கிரைஸ்லர் மட்டும் 789 டீலர்களின் ஒப்பந்தங்களை முடித்துக்கொண்டது. உத்தரவாதம் தொடர்ந்தாலும், சிற்றூர்களில் இருந்த உரிமையாளர்கள் சிலர் அதைப் பயன்படுத்த முன்னைவிடத் தொலைவில் உள்ள டீலரைத் தேடிச் செல்லவேண்டியதாயிற்று.

கைமாறும் உத்தரவாதமும் கைமாறாத உத்தரவாதமும்

உற்பத்தியாளர் நலமாக இருந்தாலும்கூட, எல்லா உத்தரவாதங்களும் இரண்டாம் உரிமையாளரைச் சென்றடைவதில்லை. 2009-இல் பழைய கார் வாங்கியோர் திவாலைவிட இந்த விதியால் அதிகம் பாதிக்கப்பட வாய்ப்பிருந்தது.

ஜெனரல் மோட்டார்ஸ் 2007 மாடல் கார்கள் முதல் இன்ஜின், கியர்பெட்டி உள்ளிட்ட இயக்கப் பகுதிகளுக்கு 5 ஆண்டு அல்லது 1,00,000 மைல் உத்தரவாதம் அளித்தது. இது அடுத்த உரிமையாளருக்குக் கைமாறக்கூடியது. கிரைஸ்லர் 2007 சூலையில் இயக்கப் பகுதிகளுக்கு "வாழ்நாள்" உத்தரவாதத்தை அறிமுகப்படுத்தியது. கேட்பதற்கு இது பெரிதாகத் தோன்றினாலும், முதல் உரிமையாளருக்கு மட்டுமே உரியது. கார் விற்கப்பட்டதும் வாழ்நாள் முடிந்துவிடும். ஹூண்டாய் நிறுவனம் அமெரிக்காவில் 1998-இல் அறிவித்த 10 ஆண்டு அல்லது 1,00,000 மைல் இயக்கப்பகுதி உத்தரவாதமும், இரண்டாம் உரிமையாளரிடம் 5 ஆண்டு அல்லது 60,000 மைலாகச் சுருங்குகிறது. சான்றளிக்கப்பட்ட பழைய காராக வாங்கினால் மட்டுமே முழுக் காலமும் மீண்டும் கிடைக்கிறது.

எஞ்சிய உத்தரவாதத்தைக் கணக்கிடும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 2007 மார்ச்சில் முதல் உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட்ட செவ்ரோலே கார் ஒன்று, 25,000 மைல் ஓடியபின் 2009 மார்ச்சில் விற்கப்படுகிறது எனக் கொள்வோம். அதன் பொது உத்தரவாதம் 3 ஆண்டு அல்லது 36,000 மைல். எனவே எஞ்சியிருப்பது ஓர் ஆண்டு அல்லது 11,000 மைல், இவற்றில் எது முன்னதோ அது. இயக்கப்பகுதி உத்தரவாதத்தில் 3 ஆண்டு அல்லது 75,000 மைல் எஞ்சியுள்ளது. இந்த எச்சத்துக்கும் சேர்த்தே வாங்குபவர் விலை கொடுக்கிறார். நிறுவனம் கலைக்கப்பட்டால் அவர் இழப்பது இதைத்தான்.

சாப்: புதிய காருக்கு இல்லாத பாதுகாப்பு

சுவீடனின் சாப் கார் நிறுவனத்தை ஜெனரல் மோட்டார்ஸ் 2010 பிப்ரவரியில் நெதர்லாந்தின் ஸ்பைக்கர் நிறுவனத்துக்கு விற்றது. பாகங்கள் வழங்குவோருக்குப் பணம் தரமுடியாமல் 2011 ஏப்ரலில் உற்பத்தி நின்றது. 2011 திசம்பர் 19 அன்று நிறுவனம் திவாலானது.

அமெரிக்காவில் சாப் உத்தரவாதங்கள் உடனே நிறுத்தப்பட்டன. பின்னர், தான் உரிமையாளராக இருந்த காலத்தில் விற்ற சாப் கார்களின் எஞ்சிய உத்தரவாதத்தை நிறைவேற்றுவதாக ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. அதன்பின் விற்கப்பட்ட கார்களுக்கு அந்த உறுதி பொருந்தவில்லை. இதனால், வழக்கத்துக்கு மாறாக, 2009-இல் விற்கப்பட்ட பழைய சாப் காருக்குப் பாதுகாப்பு இருந்தது. 2011-இல் விற்கப்பட்ட புத்தம்புதிய காருக்கு இல்லாமல் போனது. பழைய கார் வாங்குவோர் மாடல் ஆண்டை மட்டும் பார்த்தால் போதாது, உத்தரவாதத்தில் கையொப்பமிட்ட நிறுவனம் எது என்பதையும் பார்க்கவேண்டும் என்பதற்கு இது தெளிவான சான்று.

சாப் உதிரி பாகங்களை வழங்கிய துணை நிறுவனம் திவாலில் சேர்க்கப்படவில்லை. பின்னர் ஒரியோ என்று பெயர் மாறிய அந்நிறுவனம் தொடர்ந்து பாகங்களை வழங்கியது. உத்தரவாதம் போனாலும் காரை ஓட்ட முடிந்ததற்கு இதுவே காரணம்.

சுசுகி, ஃபிஸ்கர்: இரு வேறு முடிவுகள்

அமெரிக்க சுசுகி நிறுவனம் 2012 நவம்பர் 5 அன்று அத்தியாயம் 11-இன் கீழ் மனுச் செய்து அந்நாட்டுக் கார் விற்பனையிலிருந்து விலகியது. சப்பானில் தாய் நிறுவனம் நல்ல நிலையில் இருந்ததால், ஏற்கெனவே விற்ற கார்களின் உத்தரவாதமும் உதிரி பாக வழங்கலும் தொடரும் என அறிவிக்கப்பட்டது. சந்தையை விட்டு விலகுவதும், பணமின்றிச் சாய்வதும் ஒன்றல்ல.

மின்சாரக் கார் நிறுவனமான ஃபிஸ்கர் 2024 சூன் 17 அன்று திவால் மனுச் செய்தபோது தாங்கிப் பிடிக்கத் தாய் நிறுவனம் எதுவும் இல்லை. அதன் ஓஷன் கார்கள் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஒப்பந்த முறையில் தயாரிக்கப்பட்டவை. விற்காமல் எஞ்சிய சுமார் 3,000 கார்களை நியூயார்க்கைச் சேர்ந்த குத்தகை நிறுவனம் ஒன்று வாங்கியது. 2024 அக்டோபரில் கலைப்புத் திட்டம் நீதிமன்ற ஒப்புதல் பெற்றது. கார்களின் உத்தரவாதத்தை ஏற்க யாரும் முன்வரவில்லை. உரிமையாளர்கள் தாமே சங்கம் அமைத்து உதிரி பாகங்களுக்கும் மென்பொருளுக்கும் வழிதேடினர்.

மென்பொருளைச் சார்ந்த கார்களில் இச்சிக்கல் இன்னும் ஆழமானது. பழைய வகைக் காரின் பழுதை அனுபவமுள்ள எந்த மெக்கானிக்கும் ஓரளவு சரிசெய்யலாம். மென்பொருள் புதுப்பிப்பையும், அதற்கான நிறுவனச் சேவையகங்களையும் எதிர்பார்த்திருக்கும் காரில், அந்தச் சேவையகம் நின்றால் பட்டறைக்காரர் செய்யக்கூடியது குறைவு.

பாதுகாப்புக் குறைபாடும் புகைக் கட்டுப்பாடும்

பாதுகாப்புக் குறைபாடுள்ள கார்களைத் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்வது உத்தரவாதத்திலிருந்து வேறுபட்ட கடமையாகும். அமெரிக்காவில் இது 1966-ஆம் ஆண்டின் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தின் வழி வருகிறது. எத்தனை கை மாறியிருந்தாலும் காரின் உரிமையாளருக்கு இவ்வுரிமை உண்டு. இலவசப் பழுதுநீக்கத்துக்கான கால வரம்பு 15 ஆண்டு. உற்பத்தியாளர் அத்தியாயம் 11-இன் கீழ் சென்றாலும் இக்கடமை நீங்காது என்றும், திவால் வழக்கில் இது அரசின் முன்னுரிமைக் கோரிக்கையாகக் கருதப்படும் என்றும் 2012-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஃபிஸ்கர் வழக்கில், திரும்ப அழைக்கப்பட்ட கார்களுக்கான கூலியை உரிமையாளர்களே ஏற்கவேண்டும் என்ற நிலைப்பாடு முதலில் எடுக்கப்பட்டு, அரசின் எதிர்ப்புக்குப்பின் கைவிடப்பட்டது.

புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கும் தனிச்சட்டம் உள்ளது. வினையூக்கி மாற்றி, இன்ஜின் கட்டுப்பாட்டுக் கணினி ஆகியவற்றுக்கு 8 ஆண்டு அல்லது 80,000 மைல் உத்தரவாதத்தைத் தூய காற்றுச் சட்டம் கட்டாயமாக்கியுள்ளது. இதுவும் காருடனேயே கைமாறும்.

சேவை ஒப்பந்தங்களின் இடர்

உற்பத்தியாளர் மீது நம்பிக்கை குறையும் காலத்தில் வெளி நிறுவனங்களின் சேவை ஒப்பந்தங்களுக்கு மவுசு கூடுகிறது. ஆனால் அந்நிறுவனங்களும் திவாலாகக்கூடியவையே. மிசூரி மாநிலத்திலிருந்து தொலைபேசி, அஞ்சல் வழியே பெருமளவில் ஒப்பந்தங்களை விற்ற யூ.எஸ். ஃபிடலிஸ் நிறுவனம் 2010 மார்ச்சில் திவால் மனுச் செய்தது.

ஒப்பந்தத்தை விற்பவர், அதை நிர்வகிப்பவர், பணம் தரும் பொறுப்பை ஏற்றவர் ஆகிய மூவரும் வெவ்வேறாக இருக்கலாம். விற்றவரின் பெயர் மட்டும் முகப்பில் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். பொறுப்பேற்றவரின் பின்னால் காப்பீட்டு நிறுவனம் ஒன்று இருந்தால், விற்றவர் மறைந்தாலும் இழப்பீடு கிடைக்க வாய்ப்புண்டு.

இந்தியாவில்

இந்தியாவில் அண்மைக் காலத்தில் எழுந்தது திவாலைவிட வெளியேற்றம் தொடர்பான கவலையே. ஜெனரல் மோட்டார்ஸ் 2017 இறுதியில் இந்திய விற்பனையை நிறுத்தியது. பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் இழப்பைக் கண்ட ஃபோர்டு நிறுவனம், 2021 செப்டம்பர் 9 அன்று இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. சென்னையை அடுத்த மறைமலைநகர் ஆலையில் 2022 சூலையில் உற்பத்தி முடிவுற்றது. இரு நிறுவனங்களின் தாய் நிறுவனங்களும் இயங்கிவந்ததால், சேவை, உதிரி பாகம், உத்தரவாதம் ஆகியவை தொடரும் என்ற உறுதி அளிக்கப்பட்டது.

இந்திய நிறுவனம் ஒன்று 2016-ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தின் கீழ் வந்தால், பிரிவு 14-இன்படி அதற்கு எதிரான வழக்குகளுக்குத் தற்காலிகத் தடை ஏற்படும். அக்காலத்தில் நுகர்வோர் ஆணையத்தில் அந்நிறுவனத்துக்கு எதிரான புகாரைத் தொடர்வது கடினமாகும். உரிமையாளர் தம் கோரிக்கையைத் தீர்வு அலுவலரிடம் பதிவு செய்யவேண்டும். காரை விற்ற டீலர் தனி நிறுவனமாக இருந்தால், அவர் தம் பெயரில் எழுதிக் கொடுத்த உறுதி அவரைத் தொடர்ந்து கட்டுப்படுத்தும்.

வாங்கும் முன் சரிபார்க்கவேண்டியவை

- கார் முதல் உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட்ட தேதி. உத்தரவாதக் கணக்கு இதிலிருந்தே தொடங்குகிறது.
- அடிச்சட்ட எண்ணைக் கொண்டு அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் எஞ்சிய உத்தரவாதமும், நிலுவையில் உள்ள பாதுகாப்பு அழைப்பும் உள்ளனவா என்ற விவரம்.
- உத்தரவாதம் கைமாறுமா, அதற்குப் பதிவோ கட்டணமோ தேவையா என்பது.
- முந்தைய உரிமையாளரின் சர்வீஸ் பதிவுகள். பராமரிப்பு விடுபட்டிருந்தால் கோரிக்கை மறுக்கப்படலாம்.
- கார் விபத்தில் முழு இழப்பாக அறிவிக்கப்பட்டதா என்பது. அவ்வாறெனில் உற்பத்தியாளர் உத்தரவாதம் பெரும்பாலும் செல்லாது.
- உத்தரவாதத் தாளில் பொறுப்பேற்றுள்ள நிறுவனத்தின் முழுப்பெயர்.
- உற்பத்தியாளர் மறைந்தாலும் உதிரி பாகங்கள் கிடைக்குமா, வெளிப் பட்டறைகளில் பழுதுபார்க்க இயலுமா என்பது.

உற்பத்தியாளர் ஏற்கெனவே நெருக்கடியில் இருந்தால், அவரது கார்களின் மறுவிற்பனை விலை குறைந்தே இருக்கும். அந்தக் குறைவு வாங்குபவருக்கு ஆதாயமா என்பது, உத்தரவாதம் இல்லாத நிலையில் ஒரு பெரிய பழுதின் செலவை அவரால் தாங்க முடியுமா என்பதைப் பொறுத்தது. உத்தரவாதத்தின் மதிப்பைக் கழித்துவிட்டுக் கணக்கிடும்போதும் விலை நியாயமாகத் தோன்றினால், நிறுவனத்தின் எதிர்காலம் எப்படி அமைந்தாலும் வாங்கியவரின் இழப்பு அளவோடு நிற்கும்.